தவளை கூப்பிட்ட வரிசை

ஏரியின் இக்கரை வாத்துகளுக்கு அக்கரையில் துணை தேடித் தருவது தவளையின் வேலை. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிடும். எந்தப் பெயருக்கு அங்கிருந்து பதில் வருகிறதோ, அதை மறுநாள் முதலில் கூப்பிடும். மழைக்காலம் முடிந்தால் அக்கரைக் கூட்டம் பறந்துவிடும்.

கறுப்பு வாத்து அஞ்சலைக்கு மட்டும் பதிலே வரவில்லை. ஒருநாள் காலையில் தவளையை மறித்துக்கொண்டாள்.

"என்னை வேண்டாம்னு எவன்யா சொன்னான்?"

"யாரும் சொல்லலை தாயி. உன் பேர் கடைசியில வருது. அதுக்குள்ள அங்கே தூங்கிடறாங்க."

"பதில் வரலைன்னு கடைசியில வெச்சே, சரி. முதல் நாள் கூப்பிடறதுக்கு முன்னாடி யாருக்குமே பதில் வந்திருக்கலையே? அன்னிக்கு ஏன்யா கடைசியில வெச்சே?"

தவளை அவள் இறகைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. "இந்த நிறத்தை யாரும் கேட்க மாட்டாங்கன்னு நானாத்தான் நெனச்சேன்."

அஞ்சலை தண்ணீரில் பாய்ந்து, தன் பெயரைத் தானே தொண்டை கிழியக் கத்தினாள்.

மழைக்காலம் முடிந்து, அக்கரைக் கூட்டம் அப்போதுதான் வானத்தில் எழும்பியிருந்தது. அதில் ஓர் ஆண் வாத்து திரும்பிப் பார்த்தது.

"அஞ்சலையா? இந்தப் பேரைக் கேட்டதே இல்லையே! இத்தனை நாளா எங்கே இருந்தே?"

"இங்கேதான் இருந்தேன்!"

கூட்டம் தூரம் போய்விட்டது. அந்தப் பதில் தவளைக்கு மட்டும்தான் கேட்டது.