ஐந்து பேர் அணைத்த சூடம்

“அணைலே. இன்னொரு தடவை என் கண்ணு முன்னால அணை” என்றார் மெம்பர் காசிலிங்கம்.

பித்தளைத் தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. எதிரே சொரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருவரும் நாற்பது வருடச் சிநேகிதர்கள்.

சங்குநகர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மில்லர்புரம் தாண்டி எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டைக்குப் போகிற வழியில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒன்பது தெரு, இரண்டு பூங்கா என்று அளந்து கட்டிய ஊர். கட்டியபோது சுற்றிலும் முள் மண்டிய உடங்காடு. இப்போது கிழக்கே போனாலும் மாநகராட்சி, மேற்கே போனாலும் மாநகராட்சி. நடுவில் இது மட்டும் தனிப் பஞ்சாயத்து.

சாலைக்கு அந்தப் பக்கம் குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும். இந்தப் பக்கம் எத்தனை அடி போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். ஆனாலும் தனி ஊர் என்ற கௌரவம் இருக்கிறதே, அதைக் காசிலிங்கம் விடுவதாக இல்லை.

சங்குநகரை மாநகராட்சியோடு சேர்ப்பதா வேண்டாமா என்று இன்று காலை பஞ்சாயத்தில் வாக்கெடுப்பு. மொத்தம் ஒன்பது ஓட்டு. நாலு பேர் சேரலாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். மற்ற ஐந்து ஓட்டும் தன் கையில் என்று காசிலிங்கம் நம்பினார்.

நம்பினால் மட்டும் போதுமா? வெள்ளிக்கிழமையே நாலு பேரைச் சுடலைமாடன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அவரும் சேர்ந்து ஐந்து பேராக, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ‘சேர விடமாட்டோம்’ என்று சத்தியம் செய்தார்கள்.

ஓட்டு ரகசிய ஓட்டு. வந்திருந்த அதிகாரி அம்மாள் ரொம்பக் கறார். உறுப்பினர்களைத் தவிர ஓர் ஈ, எறும்புகூட அறைக்குள் இருக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார். முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு ஓடிவந்து காசிலிங்கத்திடம் முதலில் சொன்னது சொரிமுத்துதான்.

“மெம்பரே, சேரணும்னு அஞ்சு, வேண்டாம்னு நாலு. போச்சு.”

அப்படியானால் சத்தியத்தைத் தின்றவன் எவனோ ஒருத்தன் இருக்கிறான். சாயங்காலம் ஒவ்வொருவராக வீட்டுக்கு வரச்சொல்லி மறுபடியும் சூடம் ஏற்றினார் காசிலிங்கம். மூன்று பேர் மறுபேச்சில்லாமல் அணைத்துவிட்டு, கையை ஊதிக்கொண்டே போய்விட்டார்கள். மிச்சம் சொரிமுத்து.

“நான் அணைக்க மாட்டேன்” என்றார் சொரிமுத்து. “சாமி முன்னால ஒருக்கா அணைச்சாச்சு. ஒனக்காக மறுக்கா அணைச்சா, அந்தச் சாமிய நானே நம்பலன்னு ஆயிரும்லா.”

“மடியில கனமில்லன்னா வழியில என்னலே பயம்? ஒம் மவன் கார்ப்பரேஷன்லதான வேல பாக்கான்?”

“அவன் வேலைக்கும் என் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்? நாப்பது வருசம் பழகி, என்னைய நீ தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதானா?”

ஊர் போனதுகூடக் காசிலிங்கத்துக்கு இரண்டாம்பட்சம். தன் கடை தீப்பிடித்த அன்று தன்னோடு விடிய விடியத் தெருவில் நின்றவன், இன்று கூடவே இருந்து கழுத்தை அறுத்துவிட்டானே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அலமாரியைத் திறந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். சொரிமுத்துவின் மகள் சரண்யாதேவிக்கு வியாழக்கிழமை கல்யாணம். முன்னால் நின்று நடத்தித் தருவதாகக் காசிலிங்கம்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

“இந்தா பிடி. இந்த வீட்டுலேருந்து ஒருத்தரும் அங்கன வர மாட்டோம். நீயும் இனி இந்த வாசப்படி மிதிக்காத.”

சொரிமுத்து பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“எம் மவ ஒன்னையத்தான பெரியப்பான்னு கூப்பிடுதா. அவகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?”

காசிலிங்கம் அலமாரியைப் படீரென்று சாத்தினார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி முத்துக்கனி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். சாலைக்கு அந்தப் பக்கத்துக் குழாயில் கெஞ்சிப் பிடித்த தண்ணீர். ‘ஒங்க ஊர்லதான் ரெண்டு பார்க் இருக்குல்லா, அதக் கரைச்சுக் குடிக்க வேண்டியதுதான’ என்று அங்கே தினமும் யாராவது கேட்பார்கள். அவளும் கேட்டுக்கொண்டு வருவாள்.

குடத்தை இறக்கி வைத்தாள். சொரிமுத்துவின் முகத்தையும் அவர் கையிலிருந்த பத்திரிகையையும் பார்த்தவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“அண்ணாச்சி, அத இங்கன தாங்க” என்று பத்திரிகையை வாங்கித் திரும்பவும் அலமாரியில் வைத்தாள்.

“ஏளா, ஒனக்கு இதுல என்ன சோலி?” என்று சீறினார் காசிலிங்கம். “சத்தியத்த மீறுன பயலுக்குப் பரிஞ்சுக்கிட்டு வார?”

“அவுக மீறல.”

“பொறவு எவன் மீறுனான்?”

“ஒருத்தரும் மீறல.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். “மெம்பரு நான்லா. சூடம் அணைச்சது நீங்க, ஓட்டுப் போட்டது நான்.”