முள்ளுக்குக் காவல்

“முட்டைக்குக் காவல் ஹரீஷு. முள்ளுக்குக் காவல் நானா?”

மணிமேகலை கேட்டதும் அதியா சிரித்து மழுப்பினாள். “உங்களை விட்டா வேற யாரு இருக்காங்கக்கா? ஆடு இந்தப் பக்கம் இறங்கிட்டா எல்லாம் போச்சு.”

அந்தச் சிரிப்புதான் மணிமேகலைக்கு எரிந்தது.

ஓசூருக்கு வெளியே தென்பெண்ணை ஆற்றங்கரை. அங்கே மணலில் ஆற்று ஆமை ஒன்று முட்டையிட்டுப் போயிருந்தது. பொரிகிறவரை காவல் காக்க அதியாதான் ஆள் சேர்த்தாள்.

அதியாவுக்குக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. மனசெல்லாம் ஆமை. காலேஜில் படித்தபோது, சென்னைக் கடற்கரையில் கடலாமை முட்டைகளைத் தேடிக் காப்பாற்றுகிறவர்களோடு நடந்து நடந்து வந்த பைத்தியம் அது. ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு தரம், முடிந்ததும் ஒரு தரம் ஸ்கூட்டியில் ஆற்றுக்கு வந்துவிடுவாள். மழையானாலும் தப்பாது.

மணிமேகலைக்குக் கரையோரம் வீடு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். போன வருஷம் நாய்கள் தோண்டித் தின்றுவிட்டுப் போட்ட ஆமை முட்டை ஓடுகளைப் பார்த்துவிட்டு, அன்றைக்கெல்லாம் சோறு இறங்காமல் கிடந்தாள். அதனால்தான் அதியா கூப்பிட்டதும் ஓடிவந்தாள்.

வந்தால்? வலை கட்டி, ‘ஆமை முட்டைகள் உள்ளன. தொடாதீர்கள்’ என்று போர்டு நட்ட இடத்தில் ஹரீஷ்குமாரை நிறுத்திவிட்டாள் அதியா. கம்பெனி ஒப்பந்தம் முடிந்து சும்மா இருந்த பையன். தலையில் தொப்பி, கையில் போன்.

இவளுக்குக் கிடைத்தது, சற்றுத் தள்ளி ஆடு இறங்குகிற தடம். பகலெல்லாம் ஆட்டை விரட்ட வேண்டும். முந்தின நாள் முள் காற்றில் விலகிவிடும்; அதனால் தினமும் சாயங்காலம் தடத்து மணல்மேல் புது முள்ளை வெட்டிப் போட்டு மூடிவிட்டுப் போக வேண்டும்.

“படிக்காதவள்னுதானே என்னை இங்க ஒதுக்கிட்டே?”

“அய்யோ அக்கா, அப்படியெல்லாம் இல்லை!”

ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். கூடவே பேப்பர்க்காரர் ஒருவர். எல்லோரும் போர்டைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மணிமேகலையும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“அக்கா, நீங்க அங்கயே இருங்க! நகராதீங்க!” என்று கத்தினாள் அதியா.

மணிமேகலை உட்கார்ந்துவிட்டாள். முகம் கறுத்துப்போனது.

மறுநாள் பேப்பரில் ஹரீஷ்குமார் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தான்.

“எப்படிக்கா இருக்கேன்?”

“முட்டை போட்ட ஆமைகூட இப்படி நெஞ்சை நிமிர்த்திட்டு நிக்காது தம்பி.”

அன்று சாயங்காலம் அவள் முள் வெட்டவில்லை. ‘போட்டோவில நிக்கறவனே முள்ளும் போடட்டும்’ என்று அரிவாளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

பாதி வழியில் நின்றுவிட்டாள். ஆடு இறங்கி வலையை முட்டினால்? முட்டை உடைந்தால்? மறுபடியும் அந்த ஓடுகளைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அதியாவைத் திட்டினாள். ஹரீஷ்குமாரைத் திட்டினாள். திட்டிக்கொண்டே திரும்பி வந்து, கையெல்லாம் கீறல் விழ, வழக்கத்தைவிட அதிகமாகவே முள்ளை வெட்டிக் குவித்துவிட்டுப் போனாள்.

காலையில் வந்து பார்த்தால் போர்டு சாய்ந்து கிடந்தது. வலை கிழிந்திருந்தது. நடுவில் பெரிய குழி. சுற்றிலும் செருப்புத் தடம்.

ஹரீஷ்குமார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். “முட்டை தின்கிற கும்பல்க்கா. பேப்பரைப் பாத்துட்டு வந்திருக்கானுங்க.”



ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்த அதியா குழியை எட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு வருத்தம் இல்லை அவள் முகத்தில். நேரே முள் கிடந்த இடத்துக்கு நடந்தாள்.

“நில்லும்மா!” மணிமேகலை பின்னாலேயே ஓடினாள். “முட்டை போச்சேன்னு நான் துடிக்கறேன், நீ முள்ளைப் பாக்கப் போறியா? உனக்குப் படம் வந்தா போதும், இல்லை? அந்தத் தொப்பிக்காரனை நம்பினியே, என்னை நம்பினியா?”

அதியா குனிந்தாள். முள்ளைச் சுற்றிச் சுற்றி மணலெல்லாம் நாய்த் தடம். ஒரு பக்கம் பிறாண்டிப் பார்த்திருந்தது. முள் குத்தியிருக்க வேண்டும், விட்டுவிட்டுப் போயிருந்தது.

மணிமேகலைக்குக் கோபம் பாதியில் நின்றது. “குழி அங்க இருக்கு. நாய் எதுக்கு இங்க சுத்துது?”

“நாய்க்குப் போர்டு படிக்கத் தெரியாதேக்கா. மோப்பம்தான் தெரியும்.”

மணிமேகலை குழியையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்போ... முட்டை?”

“முதல் நாள்லருந்தே இந்த முள்ளுக்குக் கீழதான். எடுக்கறவன் போர்டு இருக்கிற இடத்தைத்தான் தோண்டுவான்னு தெரியும். அதான் போர்டை அங்க வெச்சேன்.”

ஹரீஷ்குமார் எழுந்து வந்தான். “அப்போ இத்தனை நாளா நான் காத்தது?”

“மணல் தம்பி” என்றாள் மணிமேகலை. அப்படியே முள்ளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“நேத்து கோவிச்சுக்கிட்டு முள்ளே போடாம போயிட்டேன், தெரியுமா உனக்கு? மனசு கேக்காமத்தான் திரும்பி வந்தேன். வராம இருந்திருந்தா? என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?”

அதியா அவளுடைய கீறல் விழுந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“சொல்லியிருந்தா, முட்டை இருக்கா இருக்கான்னு தினமும் மணலைக் கிளறிப் பாத்திருப்பீங்க. கிளறினா அது பிழைக்காது. உங்க கவலை எனக்குத் தெரியாதாக்கா? அந்தக் கவலையை நம்பித்தானே முட்டையை உங்ககிட்ட விட்டேன்.”