ஏழு மணிப் பிரார்த்தனை

மணி ஏழை நெருங்கினால் போதும், அவளுக்கு இருப்புக் கொள்ளாது. டீ பாதிக் கோப்பையில் நிற்கும். சினிமா என்றால் இடைவேளையோடு சரி. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

“வீட்ல பிரார்த்தனை. போகணும்.”

அவளைக் காதலிக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் வளர்ந்த வீட்டில் கடவுள் என்ற பேச்சே கிடையாது. காலண்டர்கூட இயற்கைக் காட்சி போட்டதாகப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அவள் வீட்டிலோ, கடவுளைக் கேட்காமல் குழாயைத் திறக்க மாட்டார்கள் போலிருந்தது. தெரிந்துதான் காதலித்தான். அதற்காக, தினமும் சாயங்காலம் கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் தோற்றுக்கொண்டே இருக்க முடியுமா?

அன்றைக்குக் கேட்டே விட்டான்.

“உனக்கே பாதி நம்பிக்கைதான்னு சொல்லியிருக்கே. அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்?”

“போகணும்.”

“நானா, ஏழு மணியா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடு.”

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தான். கண் கலங்கினாள். அவனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

“இன்னிக்கு நீயும் வா. பாத்துட்டு அப்புறம் இதையே கேளு. பதில் சொல்றேன்.”

அவள் அப்பா தையல்காரர். கழுத்தில் தொங்கிய டேப்போடு வந்து கதவைத் திறந்தார். சட்டைக்கு அளவெடுப்பதைப் போல அவனை மேலும் கீழும் பார்த்தார். மகளையும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார்.

“வாங்க தம்பி, இப்படி உக்காருங்க,” என்றாள் அம்மா.

நாலு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, மனதில் இருப்பதை ஒவ்வொருவராகக் கடவுளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் அந்த வீட்டு வழக்கம். மெக்கானிக் மட்டும் கண்ணை மூடவில்லை. நம்பாதவன் கண்ணை மூடினால் அது நடிப்பு என்பது அவன் கட்சி.

தையல்காரர் ஆரம்பித்தார்.

“கடவுளே, என் பொண்ணு கண்ணாடிக் கடையில நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கா. அந்த முதலாளிக்கு ஒரு ஸ்டூல் போடற புத்தியைக் கொடு.”

இதென்ன வேண்டுதல்? மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அடுத்தது அவள்.

“கடவுளே, ஸ்டூல் போட்டாச்சு. அப்பாதான் மிஷினை மிதிச்சு மிதிச்சு கால் வீங்கிப்போய் இருக்கார். தைலம் வாங்கி வெச்சிருக்கேன், தேய்ச்சுக்கச் சொல்லு.”

“தேய்ச்சாச்சு கடவுளே,” என்றார் தையல்காரர். “நாத்தம்தான் சகிக்கல.”

முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். நேராகக் கேட்டால் என்னவாம்? இவர்களுக்கு என்ன ஆயிற்று?

அம்மா பெருமூச்சு விட்டாள்.

“கடவுளே, எங்களை மன்னிச்சிடு. இந்தப் பையன் விஷயம் தெரிஞ்ச அன்னிக்கு, இனிமே பொண்ணுகிட்ட பேசவே மாட்டேன்னு இந்த மனுஷன் சபதம் பண்ணிட்டார். இப்போ சபதத்தையும் விட முடியல, பொண்ணையும் விட முடியல. மூணு மாசமா உன்னை நடுவுல உக்கார வெச்சுத்தான் ரெண்டு பேரும் பேசிக்கறாங்க.”

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைப் பார்த்தான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. இத்தனை நாளும் இதற்காகத்தான் ஓடி வந்தாளா? இதற்குப் போய்ச் சண்டை போட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

“இன்னும் ஒண்ணு இருக்கு கடவுளே. இந்தப் பையனுக்கு உன்மேல நம்பிக்கை இல்லையாம். அது உன் பாடு, அவன் பாடு. ஆனா, கல்யாணம் ஆனதும் ஏழு மணிக்கு இங்க வரக்கூடாதுன்னு இவகிட்ட சொல்லிடுவானோன்னு எனக்குப் பயமா இருக்கு. எனக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த நேரம் ஒண்ணுதான்.”

அவன் திடுக்கிட்டு அவள் பக்கம் திரும்பினான். ‘நான் ஒண்ணும் சொல்லல’ என்பதுபோல் அவள் ஒரு கண்ணைத் திறந்து லேசாகத் தலையசைத்தாள்.

அடுத்தது அவன் முறை. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. எழுந்து போய்விடலாமா? இல்லாத ஒருவரிடம் எப்படிப் பேசுவது? பேசினால் இத்தனை வருஷக் கொள்கை என்னாவது? பேசாமல் இருந்தால் இந்த மனுஷர் என்னாவார்? குழம்பிப்போய், வேறு வழி தெரியாமல் கண்ணை மூடினான்.

“கடவுளே, நீ இருக்கியான்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா பக்கத்துல இருக்கறவர் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார். இனிமே தினமும் ஏழு மணிக்குள்ள இவளை நானே வண்டியில கொண்டுவந்து விடறேன்னு அவர்கிட்ட சொல்லிடு.”



“கடவுளே...” என்று ஆரம்பித்த தையல்காரர் பாதியில் நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார்.

“வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லும்மா அவனை.”