காலியான கிளை

தீவு முழுக்கக் கேட்கும்படி கூவ இரண்டு வேண்டும்: உயரமான கிளை, உடும்புச் சபையின் அனுமதி. கிளை எருமைக்குச் சொந்தம். அனுமதி இருபத்தைந்து மழைக்காலங்களுக்குத்தான் செல்லும்.

சேவல் அத்தனை காலமும் காற்று, மீன், அலை என்று எல்லாவற்றையும் கூவிச் சொன்னது. எருமையின் குட்டை நாறுவதை மட்டும் சொன்னதில்லை.

கெடு முடிந்ததும் அனுமதியைப் புதுப்பிக்க மனுவோடு சபைக்குப் போய் நின்றது.

"கூவாதேன்னு நாங்க சொல்லலையே," என்றது தலைமை உடும்பு. "உன் மனுவை இன்னும் எடுக்கல, அவ்வளவுதான். எடுக்கிறவரைக்கும் கிளையில ஏறாதே."

சேவல் கிளைக்குத் திரும்பாமல் கடற்கரையில் திரிந்தது. ஒரு மாலை கிழக்கே வானம் கறுத்துத் திரண்டது. எதிரே தாழ்ந்த மணல்திட்டில் வாத்து ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.

சேவல் பாறையில் ஏறிக் கத்தியது. "வாத்தக்கா, புயல் வருது! முட்டையை மேட்டுக்கு உருட்டு!"

"சும்மா இரு தம்பி. போன வருஷம் அந்தக் குட்டைத் தண்ணியைக் குடிச்சுத்தான் என் குஞ்சுங்க செத்துச்சு. அன்னிக்கும் நீ கிளையிலதான் இருந்தே. அலை அமைதின்னு கூவினே. உன்னை எப்படி நம்புறது?"

சேவல் திரும்பிப் பார்த்தது. கிளை இன்னும் காலியாகவே இருந்தது. அதன் கீழே எருமை அசைபோட்டபடி படுத்திருந்தது.

"எருமையோட குட்டை நாறுது!" என்று சேவல் கூவியது. "யாரும் அதைக் குடிக்காதீங்க! புயலும் வருது!"

எருமை அசைபோடுவதை நிறுத்தியது.

திட்டில் வாத்து எழுந்து முதல் முட்டையை உருட்டத் தொடங்கியது.