மைக்கருகே ஓர் இரைச்சல்

"இன்னும் 'கொர்'ருங்குதே நாகேஷ்!" ஹரீஷ் ஹெட்போனைக் கழற்றினான்.

"ஸ்வல்ப... கொஞ்சம் இருங்க சார்." வீடியோக்கார நாகேஷ் ஒயரை மாற்றினான், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினான். இரைச்சல் நிற்கவில்லை.

தங்கை கல்யாணத்தை சிட்னியில் இருக்கும் அக்கா மமதா இன்டர்நெட்டில் நேரலையாகப் பார்க்க, அப்பாவுக்குத் தெரியாமல் ஹரீஷ் செய்த ஏற்பாடு. காதல் கல்யாணம் செய்துகொண்ட அவள் பெயரைக்கூட அப்பா மூன்று வருடமாகச் சொன்னதில்லை.

அக்காவும் இன்னும் ஆன்லைனில் வரவில்லை.

"மைக் கிட்ட யாரோ மொபைல்ல பேசறாங்க சார். அதான் இரைச்சல்."

ஹரீஷ் மணமேடைக்கு ஓடினான். ஐயரின் மைக்குக்குப் பக்கத்தில் அப்பா, துண்டுக்குள் மொபைலை மறைத்துப் பிடித்திருந்தார்.

"அழாத மமதா. மேளம் கேக்குதாம்மா? இதோ, தாலி கட்டப் போறாங்க."

ஹரீஷ் சத்தமில்லாமல் திரும்பி வந்தான்.

"ஆஃப் பண்ணச் சொன்னீங்களா சார்?"

"வேணாம் நாகேஷ். இரைச்சல் இருந்துட்டுப் போகட்டும்."