இடது கை

சிக்னலில் நின்றிருந்த அண்ணனைப் பின்னால் வந்த லாரி காவு வாங்கிவிட்டது. நசுங்கிய பைக்கைக் குனிந்து பார்த்த மெக்கானிக், "வண்டி நியூட்ரல்ல நின்னிருக்கு" என்றார்.

"சும்மா அளக்காதீங்க!" என்று எகிறினான் தம்பி. "அண்ணன் எந்தச் சிக்னல்லயும் முதல் கியர்ல, கிளட்சைப் பிடிச்சுட்டுத்தான் நிப்பான். பின்னாடி எவனாவது முட்ட வந்தா சட்டுனு நகர்ந்துக்கலாம்னு எனக்கே அவன்தான் சொல்லிக்கொடுத்தான். யாரோ கியரை மாத்தியிருக்காங்க!"

"கிளட்ச்லேர்ந்து இடது கையை எடுக்கணும்னா நியூட்ரல் போட்டுத்தானே ஆகணும்?" என்றார் மெக்கானிக்.

"எதுக்கு எடுக்கணும்? கை என்ன அரிச்சுதா?"

பக்கத்தில் நின்றிருந்த அண்ணி, கண்ணாடி நொறுங்கிய போனை அவனிடம் நீட்டினாள்.

"இடது கையில இதைத்தான் பிடிச்சிருந்தாராம். அவர் எடுக்கற வரைக்கும் விடாம போன் அடிச்சது நீங்கதான், தம்பி."