பட்டுச் சால்வை

எண்பத்து மூன்றாம் வருஷம். அறிவியலில் மறைக்கப்பட்ட பெண்களைப் பற்றிய நூலுக்கு ஆரணி நெசவாளர் சங்கக் கூடத்தில் பாராட்டு விழா. சங்கத் தலைவர் சுப்பராயலு, மேடையில் இருந்த அருணகிரிக்குப் பட்டுச் சால்வை போர்த்திவிட்டு அரை மணி நேரம் பேசினார்.

“ராக்கெட்லேர்ந்து ரேடியோ வரைக்கும் பொம்பளைங்க மூளைதான் வேலை செஞ்சிகினு இருக்குது. பேரு மட்டும் ஆம்பளைங்களுக்குப் போயிடுது. அநியாயங்க இது.”

கைதட்டல் அடங்க நேரமானது. அருணகிரி நெளிந்தார். “எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?”

“என்ன அடக்கம் பாருங்க,” என்றார் தலைவர்.

விழா முடிந்ததும் நிருபர் ஒருவர் அருணகிரியிடம் வந்தார். “இந்தப் புத்தகத்துல உங்களுக்குப் பிடிச்ச விஞ்ஞானி யாருங்க?”

“நான் இன்னும் படிக்கலைங்க.”

நிருபர் விழித்தார். தலைவர் குறுக்கே வந்தார். “எழுதினது அவரு சம்சாரம் ஜெயம். பொம்பளைக்கு ஆம்பளை சால்வை போடறது நம்ம ஊர்ல வழக்கமில்லைங்க. போட்டுவிட மேடையில பொம்பளைங்களும் யாரும் இல்ல. அதான் வூட்டுக்காரருக்குப் போட்டோம்.”

கடைசி வரிசையில் இருந்த ஜெயத்தைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கணவர் பக்கத்தில் நின்றார்.

போட்டோகிராபர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

“அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சால்வை மறையுது.”